காரணம்: இரண்டு வரிக்குள்

புவெப்லோ நகரக் கல்லூரியின் கீழ்த்தளத்தில்
கொதிகலன் அறைக்கு அடுத்த கதவு என்னுடையது.
ராணுவத்தை விட்டு வந்தவர்கள் படிக்கச் சேர்ந்தால்
சேர்ந்துவிட்டார்கள் என்று அரசுக்கு நான் சொல்லவேண்டும்.
சொன்னால்தான் வாடகைப் பணம் வரும்.
மறந்துவிட்டால்
எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு யோசிக்கும்.

ஆளுக்கு முப்பத்தாறு மாதம்.
விரல்விட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள்:
டேங்க் ஓட்டியவன் வெல்டிங் படிக்க,
ரேடார் பார்த்தவள் பல் டாக்டருக்கு உதவியாளாக.
என்னிடம் ஒரு அட்டவணை உண்டு.
இடப்பக்கம் அவர்கள் செய்தது,
வலப்பக்கம்
அதற்குச் சம்பளம் தரக்கூடிய சொல்.

டெல்ஃபினா ஆர்ச்சுலேட்டாவுக்கு வலப்பக்கத்தில்
'சரக்கு இருப்புக் கணக்கு' என்று இருந்தது.
இடப்பக்கத்தை அவளே வாசித்தாள்,
பஸ் நிறுத்தங்களின் பெயர்களை வாசிப்பதுபோல:
இறந்தவர்களைப் பெற்றுக்கொள்ளுதல்,
அடையாளம் காணுதல்,
சட்டைப்பையில் இருந்தவற்றைப் பட்டியலிடுதல்,
வீட்டுக்கு அனுப்புதல்.
ஆறு வருடம்.
"சரக்கு என்றே போடுங்கள்" என்றாள்.
"ஐஸும் எண்ணியிருக்கிறேன்."

நர்சிங்கில் சேர்ந்தாள்.
அக்டோபரில் ஒரு கடிதத்தோடு வந்தாள்.
உடற்கூறியல் வகுப்பை நடுவில் விட்டதால்
இனி முழுநேர மாணவி இல்லையாம்.
அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டு:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.

எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.
இரண்டு மணிநேரப் பயிலரங்கில் கற்ற குரலை எடுத்து
"அந்த உடலைப் பார்த்ததும்…" என்று ஆரம்பித்தேன்.
சிரித்துவிட்டாள்.

"உடம்புக்கு என்ன?
நாலாம் மேஜையில் ஒரு பெரியவர்.
இடது முழங்காலில் உலோகம்.
நகங்களைக் கடைசியாக யாரோ
அக்கறையாக வெட்டிவிட்டிருக்கிறார்கள்.
பிள்ளைகள் அவருக்கு நாச்சோ என்று பெயர் வைத்தார்கள்.
சொந்தப் பெயர் என்ன என்று கேட்டேன்.
சொல்லமாட்டார்கள், விதி அப்படி.
விதி சரிதான். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உடம்பு.
எனக்குப் புரிந்தது.
கைக்குத்தான் புரியவில்லை.
கத்தியை எடுக்கச் சொன்னால்
அது கால் கட்டைவிரலுக்குப் போய்
சீட்டைத் தேடுகிறது."

கொதிகலன் ஒருமுறை இருமி அடங்கியது.

கடனைத் தள்ளுபடி செய்யவும் ஒரு படிவம் உண்டு.
வகுப்பை விட்டதற்குக் காரணம்:
நோய். வேலைநேர மாற்றம். குழந்தையைப் பார்க்க ஆளில்லை.
குடும்பத்தில் மரணம்.
அதன்மேல் விரலை வைத்து
"எத்தனை என்று கேட்பார்களா?" என்றாள்.
பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

கடைசியில் 'வேறு'. அதற்கு இரண்டு வரி.
பென்சிலால் நான் எழுதிப் பார்த்தேன்:
மனஉளைச்சல். அழித்தேன்.
மாணவி மறுத்தார். அதையும்.
'மறுத்தார்' என்ற சொல்லுக்கு அரசு பணம் தராது.
அவள் என் பேனாவை வாங்கிக்கொண்டாள்.
இத்தனை வருடத்தில்
இந்த மேஜையில் அவ்வளவு நேரான எழுத்தை நான் பார்த்ததில்லை:

பெறப்பட்டவர் ஒருவர். ஆண். எழுபதுக்கு மேல்.
இடது முழங்காலில் உலோகம். பெயர் நிலுவையில்.

கையெழுத்து.
தேதியில் நாளை முதலில் போட்டாள்,
படையில் போடுவதுபோல.

பதில் வர ஏழு வாரம் ஆனது.
வெளியே பனி, அவள் பூட்ஸிலிருந்து தரையெல்லாம் ஈரம்.
காரணம் போதுமானதாக இல்லை,
துணை ஆவணங்களை இணைக்கவும்.
அதற்குள் நில அளவைப் படிப்புக்கு மாறியிருந்தாள்.
மலைக்குப் பெயர் இருக்கிறது என்றாள்,
இல்லாவிட்டாலும் எண் போதும் அதற்கு.

கடிதத்தை மறுபடி வாசித்தாள்.
அடியில் கையெழுத்து இல்லை,
ஆறு இலக்க எண் மட்டும்.
அதை விரலால் தொட்டாள்.
"இவருக்குமா?"

பிறகு தவணைப் படிவம் கேட்டாள்.
மாதம் தொண்ணூறு.
மிச்சம் எத்தனை மாதம் என்று கேட்டாள்.
முப்பத்தொன்று என்றேன்.